ஒற்றைக் காலில் ஒரு வரலாறு

(பட்டிமன்றத் தலைப்பு: நம் வரலாற்றைச் சுமந்து வந்திருப்பது பெரியவர்களின் ஏடா? பிள்ளைகளின் ஆட்டமா?)



எதிரணித் தலைவர் பேசி முடித்துவிட்டுப் போகும்போது சும்மா போகவில்லை. "ஏட்டில் எழுதி வைத்தால்தான் வரலாறு. அடுத்துப் பேச வரும் அம்மா பாண்டி ஆட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறாராம். பாண்டிய மன்னனைப் பற்றிப் பேசினால் கேட்கலாம். பாண்டி ஆட்டத்தில் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டுங்கள், தப்பில்லை. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். (சிரிப்பு)

ஐயா, பாண்டிய மன்னன் இன்று இல்லை. பாண்டி ஆட்டம் இருக்கிறது. எது வலிமையானது என்று அவரே சொல்லட்டும். (கைதட்டல்)

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கிற சின்னப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. தரையில் எட்டுக் கட்டம். இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு. கையில் ஒரு ஓட்டாஞ்சில்லு. அதாவது உடைந்த பானையிலோ கூரை ஓட்டிலோ ஒரு துண்டை எடுத்து, கல்லில் தேய்த்து வட்டமாக்கி வைத்துக்கொள்வது. அதை முதல் கட்டத்தில் போடணும். ஒத்தக் காலில் நொண்டியடித்து உள்ளே போகணும். அந்தக் காலாலேயே சில்லை எத்தி எத்தி, கட்டம் கட்டமாகத் தள்ளி, வெளியே கொண்டுவரணும். சில்லு கோட்டின் மேல் நின்றால் ஆட்டம் போச்சு. கால் கோட்டை மிதித்தால் போச்சு. தூக்கிய கால் கீழே பட்டால் போச்சு. முதல் கட்டம் முடிந்தால் இரண்டாவது, அது முடிந்தால் மூன்றாவது. சில ஊர்களில் எத்துவதில்லை. சில்லு கிடக்கும் கட்டத்தைத் தாண்டிப் போய், திரும்பி வரும்போது ஒற்றைக் காலில் நின்றபடி குனிந்து எடுத்து வருவார்கள். குனிந்து பாருங்கள், அப்போது தெரியும் அது விளையாட்டா வித்தையா என்று!

நமக்குள்ளேயே எத்தனை பேர்! பாண்டி என்பார்கள், சில்லு என்பார்கள், நொண்டி என்பார்கள். ஒற்றைக் காலில் தாவுவதை யாழ்ப்பாணத்தார் கெந்துவது என்பார்கள். ஆந்திராவுக்குப் போனால் தொக்குடு பில்ல. கர்நாடகத்தில் குண்ட்டெ பில்லெ. கேரளத்தில் கக்குகளி. வங்காளத்தில் ஏக்கா தோக்கா. வடக்கே ஸ்டாப்பூ. கடல் தாண்டினாலும் விடுகிறதா? பிரெஞ்சுக்காரர்கள் மாரெல் என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் ராயுவேலா. 'ராயா' என்றால் கோடு, அதிலிருந்து வந்த பெயர். ஜெர்மனியில் 'சொர்க்கமும் நரகமும்' என்று ஒரு பெயர். சீனத்தில் 'வீடு தாண்டுதல்' என்று பொருள்படும் பெயர். இந்த வீடு என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

சரி, இது எங்கே பிறந்தது? இதற்கு இரண்டு ஆயத்தப் பதில்கள் ஊரில் உலவுகின்றன. "ரோமாபுரிப் போர்வீரர்கள் நூறடி நீளத்துக்குக் கட்டம் போட்டு, கவசத்தோடு நொண்டியடித்துப் பயிற்சி எடுத்தார்கள், அதைப் பார்த்துக் குழந்தைகள் கற்றுக்கொண்டார்கள்" என்பது ஒன்று. கேட்க நன்றாக இருக்கிறது. எந்த லத்தீன் நூலில் என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. "இது சங்கத் தமிழன் கண்டுபிடித்தது, நம்மிடமிருந்துதான் உலகம் திருடிக்கொண்டது" என்பது இன்னொன்று. இதைச் சொன்னால் உங்களிடம் கைதட்டல் நிச்சயம். ஆனால் நான் தமிழ் படித்தவள். தமிழின் பெயரால் பொய் சொல்லக் கூடாது. சாட்சிகளைக் கூப்பிடுவோம். நடுவர் இருக்கிறார், அவர் விசாரிக்கட்டும்.

முதல் சாட்சி, புத்தர் பெருமான். பாலி மொழியில் தீக நிகாயம் என்று ஒரு தொகுப்பு. அதன் முதல் சூத்திரமே பிரம்மஜால சூத்திரம். சில துறவிகள் விளையாட்டில் பொழுதைக் கழிக்கிறார்களே, புத்தர் அவற்றிலிருந்து விலகியவர் என்று சொல்ல வந்த இடத்தில், விளையாட்டுகளின் பட்டியல் ஒன்று வருகிறது. எட்டுக் கட்டப் பலகை, பத்துக் கட்டப் பலகை என்று போகும் அந்த வரிசையில் பரிகாரபதம் என்று ஓர் ஆட்டம். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து உரை எழுதிய புத்தகோசர் விளக்கம் தருகிறார். தரையில் பல வழிகளாகக் கோலம் வரைந்து, விலக்க வேண்டியதை விலக்கி, மிதிக்க வேண்டிய இடத்தில் மட்டும் மிதித்து ஆடுவது என்று. பாருங்க, கட்டம் வந்துவிட்டது, கோட்டை மிதிக்கக் கூடாது என்ற விதியும் வந்துவிட்டது. ஒற்றைக் கால் என்று அவர் சொல்லவில்லை, சில்லைப் பற்றியும் பேச்சில்லை. நான் சேர்த்துச் சொல்ல மாட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது ஐயா. ஆடாதே என்று சொல்லப் போட்ட பட்டியல்தான், ஆடினார்கள் என்பதற்கு நமக்குச் சாட்சி! வீட்டில் அம்மா "தெருவில் குதிக்காதே, குதிக்காதே" என்று கத்துகிற சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டால் என்ன அர்த்தம்? பொண்ணு குதிக்கிறாள் என்று அர்த்தம். (சிரிப்பு)

இரண்டாம் சாட்சி, நம் நற்றிணை. மூன்றாம் பாட்டு, இளங்கீரனார் பாடியது. பாலை நிலம். வேப்ப மரத்தின் புள்ளிப் புள்ளியான நிழல். அங்கே பள்ளிக்கூடம் போகாத சிறுவர்கள் தரையில் ஓர் அரங்கு கீறியிருக்கிறார்கள். பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக் கல்லில் கோடு விழுந்திருக்குமே, அதுபோல இருக்கிறதாம் அந்த அரங்கு. நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். பொருள் தேடப் போகிற தலைவன் பேச்சில் இந்தக் காட்சி வருகிறது. திருவள்ளுவரும் 401ஆம் குறளில் இந்த வட்டாட்டத்தைக் கொண்டுவருகிறார். அரங்கு கீறாமல் வட்டாடினால் எப்படியோ, அப்படித்தான் நூலறிவில்லாமல் அவையில் பேசுவது என்கிறார். பட்டிமன்றத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய குறள்! நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. (எதிரணியைப் பார்த்துச் சிரிப்பு, கைதட்டல்)

ஆனால் இங்கேயும் நேர்மையாக இருக்கணும். நெல்லி வட்டு கையால் உருட்டி ஆடுவது. அது பாண்டி அல்ல. பிறகு ஏன் சாட்சிக் கூண்டில் ஏற்றினேன்? தரையில் கோடு கீறி, அந்தக் கோட்டுக்கு ஒரு சட்டத்தின் மரியாதையைக் கொடுத்து ஆடும் பழக்கம் தமிழ்ப் பிள்ளைகளிடம் அவ்வளவு பழையது என்று காட்டத்தான்.

மூன்றாம் சாட்சி, மண். சிவகங்கை மாவட்டம் கீழடி. அங்கே நடந்த அகழாய்வு பற்றித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த ஊரின் காலத்தை கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டு போன அறிக்கை. அதில் விளையாட்டுப் பொருள்கள் என்று ஒரு பகுதி. பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் ஏறத்தாழ 600 கிடைத்திருக்கின்றன. நினைத்துப் பாருங்கள், அறுநூறு சில்லு! இன்றைக்கு நம் பிள்ளை கையில் கொடுத்தால் "பாண்டிச் சில்லு" என்று சொல்லும்.

எதிரணி வழக்கறிஞர் எழுந்து கேட்பார், "அது பானை மூடியாக இருக்கலாமே? கணக்குப் போடுகிற காயாக இருக்கலாமே?" என்று. இருக்கலாம். வட்டமான ஓட்டுக்குப் பல வேலை உண்டு. அது பாண்டிச் சில்லுதான் என்று அடித்துச் சொல்ல என்ன வேண்டும்? அதைச் சுற்றி இருந்த கட்டம் வேண்டும். அந்தக் கட்டத்தை எங்கே போய்த் தோண்டுவது? சில்லு சுட்ட மண், நின்றுவிட்டது. கோடு ஈர மண்ணில் குச்சியால் போட்டது. அடுத்த மழையில் போயிருக்கும்.

இங்கேதான் எதிரணியின் வாதம் உடைகிறது என்று நான் சொல்கிறேன். ஏட்டில் இருந்தால்தான் வரலாறு என்றால், ஏடு யார் கையில் இருந்தது? எழுத்தாணி யார் கையில் இருந்தது? எட்டு வயதுப் பெண் குழந்தையின் கையில் இருந்ததா? அவள் கையில் இருந்தது ஒரு குச்சியும் ஒரு ஓட்டுத் துண்டும்தான். கோயில் சுவரில் எழுதினவன் வரலாற்றில் நின்றான். தெரு மண்ணில் எழுதினவளை மழை அழித்தது. அழிந்ததால் அவள் எழுதவே இல்லை என்று தீர்ப்புச் சொல்வது நியாயமா ஐயா? (கைதட்டல்)

நான்காம் சாட்சி இங்கிலாந்திலிருந்து வருகிறார். பிரான்சிஸ் வில்லபி என்று ஓர் அறிஞர். 1635இல் பிறந்து 1672இல், 36 வயதிலேயே இறந்துபோனவர். பறவைகளையும் மீன்களையும் ஆராய்ந்து பெயர் வாங்கியவர். பறவையைப் பார்த்த அதே கண்ணால் தெருவில் ஆடுகிற பிள்ளைகளையும் பார்த்தார். அவர்களுடைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். அதில் நம் பாண்டி இருக்கிறது. 'ஸ்காட்ச் ஹாப்பர்ஸ்' என்று பெயர். ஓட்டுத் துண்டையோ தட்டையான ஈயத் துண்டையோ வைத்துக்கொண்டு, கட்டம் கட்டமாகப் பிரித்த தரையில் நொண்டியடிப்பது. ஸ்காட்ச் என்றதும் ஸ்காட்லாந்து என்று நினைக்காதீர்கள், மற்றதையும் நினைக்காதீர்கள்! (சிரிப்பு) அந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் கீறல், கோடு என்று பொருள். கோட்டுக்கு மேலே தாவுவது, அவ்வளவுதான். அவர் எழுதிய கையெழுத்துப் படி அச்சாகி வெளிவந்தது எப்போது தெரியுமா? 2003இல்! முந்நூறு வருடத்துக்கு மேல் அந்த ஏடு பெட்டிக்குள் தூங்கியது. அந்த முந்நூறு வருடமும் ஆட்டம் தெருவில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏடு தூங்கிய காலத்தில் வரலாற்றைச் சுமந்தது யார்? எதிரணி பதில் சொல்லட்டும்.

எப்படிச் சுமந்தார்கள் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பிற்காலச் சோழர் ஆட்சி விசயாலயன் தொடங்கி மூன்றாம் இராசேந்திரன் வரை, 9ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1279 வரை. நானூறு ஆண்டுக்கு மேல். அதில் அரியணை ஏறியவர்கள் ஏறத்தாழ இருபது பேர். இப்போது பாண்டிக் கணக்கைப் பாருங்கள். ஒரு பெண் ஆறு ஏழு வயதில் கற்றுக்கொள்கிறாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நிறுத்திவிடுகிறாள், அல்லது நிறுத்தப்படுகிறாள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு செட்டு போய் இன்னொரு செட்டு வருகிறது. நூறு வருடத்தில் இருபது தலைமுறை! சோழர்கள் நானூறு ஆண்டில் செய்த கைமாற்றத்தைச் சிறுமிகள் நூறே ஆண்டில் செய்துவிட்டார்கள். வாரிசுச் சண்டை கிடையாது. விதிப்புத்தகம் கிடையாது. வாத்தியார் கிடையாது. அக்கா ஆடினாள், தங்கை பார்த்தாள், அவ்வளவுதான். தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்று 1954இல் ஒரு நூல் எழுதினார். ஆண்பிள்ளை ஆட்டம், பெண்பிள்ளை ஆட்டம், இருவருக்கும் பொது என்று பிரித்தார். பகலில் ஆடுவது, இரவில் ஆடுவது என்று பிரித்தார். அவ்வளவு பெரிய அறிஞருக்கு அந்தச் செய்தியெல்லாம் எங்கிருந்து கிடைத்தது? ஓலைச்சுவடியிலிருந்தா? பிள்ளைகளிடமிருந்துதானே!

பிள்ளைகள் பழையதை மட்டும் சுமக்கவில்லை. தங்கள் காலத்தையும் அதிலே எழுதினார்கள். ஏரோப்பிளேன் பாண்டி ஆடியிருப்பீர்களே? நடுவில் ஒற்றைக் கட்டம், இரண்டு பக்கமும் இறக்கை போல இரட்டைக் கட்டம், மேலே தலை. இந்தப் பெயர் எவ்வளவு பழையதாக இருக்க முடியும்? ரைட் சகோதரர்கள் பறந்தது 1903இல். கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு டாடாவின் விமானத் தபால் வந்தது 1932இல். வானத்தில் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்த ஏதோ ஒரு தெருப் பெண், குனிந்து தன் கட்டத்தைப் பார்த்திருக்கிறாள். "அட, இதுவும் அப்படித்தானே இருக்கு" என்று பெயர் வைத்துவிட்டாள். அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவள் வைத்த பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவிவிட்டது. (கைதட்டல்)

நொண்டுவது என்றால் கேவலமா? நம் இலக்கியத்தில் நொண்டி நாடகம் என்று ஒரு வகையே உண்டு. குதிரை திருடப் போய்க் காலை இழந்தவன், மேடையில் ஒற்றைக் காலில் நின்று தன் கதையை நொண்டிச் சிந்தில் பாடுவான். கடைசியில் இறையருளால் கால் திரும்பக் கிடைக்கும். திருச்செந்தூர் நொண்டி நாடகம் முருகன் பெருமை பேசும். சீதக்காதி நொண்டி நாடகத்தில் வள்ளல் சீதக்காதி வருகிறார், நாயகன் மக்காவுக்குப் போகிறான். மதம் வேறானாலும் ஒற்றைக் கால் ஒன்றுதான். தட்டுத் தடுமாறி வந்து, கடைசியில் இரண்டு காலையும் ஊன்றி நிற்பதுதான் அந்த நாடகத்தின் முடிவு.

பாண்டியிலும் அப்படி ஒரு முடிவு உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் வந்தேன்.

எட்டுக் கட்டமும் முடிந்தால் அடுத்த பரீட்சை. சில்லைத் தலையிலோ புறங்காலிலோ வைத்துக்கொள்ளணும். அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி, கீழே பார்க்காமல் ஒவ்வொரு கட்டமாகக் கால் வைக்கணும். வைத்துவிட்டு "ரைட்டா?" என்று கேட்கணும். கோட்டில் படவில்லை என்றால் மற்றவள் "ரைட்டு" என்பாள். யார் அந்த மற்றவள்? இவள் தோற்றால் ஆட்டம் கிடைக்கப் போகிற எதிராளி! அவள் பொய் சொன்னால் இவளுக்குத் தெரியாது. ஆனாலும் அவள் "ரைட்டு" என்கிறாள். எதிரியின் நாக்கை நம்பிக் கண்ணை மூடி நடக்கிற ஆட்டம் வேறு எது? நடுவரே தேவைப்படாத ஆட்டம் ஐயா இது. மன்னிக்கணும், உங்கள் வேலைக்கு ஆபத்தில்லை. நாங்கள் வளர்ந்துவிட்டோம், எங்களுக்கு நடுவர் வேண்டும்! (பலத்த சிரிப்பு)

அதையும் தாண்டினால் பழம். திரும்பி நின்று, தலைக்கு மேலே சில்லைப் பின்பக்கமாக வீசணும். எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அது அவள் வீடு. அதில் அடையாளம் போட்டுக்கொள்வாள். அதன் பிறகு அந்தக் கட்டத்தில் அவள் இரண்டு காலையும் ஊன்றி நிற்கலாம், மூச்சு வாங்கலாம். மற்றவர்கள் அதில் கால் வைக்கக் கூடாது, தாண்டித்தான் போகணும். சொந்த வீட்டில் இரண்டு கால், அடுத்தவர் வீட்டில் ஒற்றைக் கால்கூட வைக்க முடியாது. சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும்! (சிரிப்பு)

சிரித்துவிட்டீர்கள். இப்போது கொஞ்சம் யோசியுங்கள். பத்து வயதுப் பெண் தன் உழைப்பால், தன் திறமையால் ஒரு வீடு சம்பாதிக்கிறாள். அது அவள் பெயரில் இருக்கிறது. அப்பா பெயரில் இல்லை, புருஷன் பெயரில் இல்லை. தெருவே அதை ஒத்துக்கொள்கிறது. அதே பெண்ணுக்கு நிஜ வாழ்க்கையில் என்ன இருந்தது? 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகும், கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே இருந்த உரிமை மகளுக்கு இல்லை. தமிழ்நாட்டில் அந்த உரிமையைத் தந்த திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்று விட்டுவிட்டார்கள். நாடு முழுமைக்கும் மகள் மகனுக்குச் சமம் என்று சட்டம் வந்தது 2005இல். சட்டப் புத்தகத்துக்கு 2005 ஆயிற்று. தெருவில் கட்டம் போட்ட பெண்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே "இது என் வீடு, தாண்டிப் போ" என்று சொல்லிவிட்டார்கள். எந்த ஏட்டில் ஐயா இந்த ஆசை எழுதியிருக்கிறது? இந்த ஆட்டத்தில் எழுதியிருக்கிறது. (நீண்ட கைதட்டல்)

இன்றைக்கு நிலைமை என்ன? தெரு மண் போய்த் தார் வந்தது. சைக்கிள் போய் மோட்டார் வண்டி வந்தது. வாசலில் கார் நிற்கிறது. சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டால், "தரையைப் பாழ் பண்ணாதே" என்கிறோம். பையன் மட்டையும் பந்தும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டான். பெண்ணுக்கு வீட்டை ஒட்டின தெருதான் மைதானம். அதை எடுத்துவிட்டால் அவளுக்கு மைதானமே இல்லை. இதில் இன்னொரு கோடும் இருக்கிறது. பெண் பெரியவளானதும் வாசலில் நாம் போடுகிற கோடு. நேற்றுவரை குதித்தவளை இன்று "அடக்கமா உட்காரு" என்கிறோம். அவள் போட்ட கோட்டில் ஒரு நியாயம் இருந்தது. மிதித்தால் அவுட், மிதிக்காவிட்டால் ரைட்டு. நாம் போட்ட கோட்டில் அந்த நியாயம் இருக்கிறதா?

ஆகவே நடுவர் அவர்களே, நான் ஏட்டுக்கு விரோதி அல்ல. ஏடு படித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் ஏடு விட்ட இடத்தைப் பிள்ளைகளின் கால்கள் நிரப்பியிருக்கின்றன. கீழடியில் சில்லு கிடைத்தது, கோடு கிடைக்கவில்லை. அந்தக் கோடு நம் பாட்டியின் ஞாபகத்தில் இருக்கிறது, அம்மாவின் ஞாபகத்தில் இருக்கிறது. தாய்மார்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிடம் டி.வி.யை அணைத்துவிட்டு, ஆமாம், எங்கள் பட்டிமன்றமே ஓடினாலும் சரி, மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். எட்டுக் கட்டம் போடுங்கள். மகனும் வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனும் ஒற்றைக் காலில் நின்று, அக்காவின் வீட்டைத் தாண்டிப் போகப் பழகட்டும்.

ஐந்து வருடத்துக்கு ஒரு தலைமுறை என்று சொன்னேன். ஒரு ஐந்து வருடம் யாரும் ஆடாமல் விட்டால் சங்கிலி அறுந்துவிடும். அறுந்துவிட்டால் தோண்டி எடுக்க முடியாது. ஆகவே வரலாற்றைச் சுமந்து வந்திருப்பது பிள்ளைகளின் ஆட்டமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.